எஸ்எஸ்டி வாங்கும் முன் கணினிக்குள் பார்க்க வேண்டியவை

லேப்டாப்பை ஆன் செய்து, பிரவுசர் திறந்து வருவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடுகிறது என்றால், பழியைப் பெரும்பாலும் பிராசஸர் மேல் போடுகிறோம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசஸர் 15 சதவீதத்தில் சும்மா இருக்கும். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் சிவந்து நிற்கும். ஆனால் அந்த டிஸ்கின் வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான் இருக்கும். லேப்டாப்களில் வந்த ஹார்ட் டிஸ்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுபவை. ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் உள்ளே இருக்கும் முள் இடம் மாற வேண்டும், தட்டு சுழன்று வர வேண்டும். ஒரு தடவைக்கு 10 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான ஃபைல்களைத் தேடி ஓடுகிறது. சிப்புகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது என்பதால் அதே வேலை ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது.

ஹார்ட் டிஸ்கிலிருந்து ஏதோ ஒரு நல்ல எஸ்எஸ்டிக்கு மாறும்போது கிடைப்பதுதான் பெரிய பாய்ச்சல். ஒரு எஸ்எஸ்டிக்கும் இன்னொரு எஸ்எஸ்டிக்கும் நடுவில் உள்ள வேறுபாடு, பெட்டியில் அச்சிட்ட எண்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல. அதனால் முதலில் உங்கள் கணினியில் எது பொருந்தும் என்று பாருங்கள். அதன் பிறகு எவ்வளவு கொள்ளளவு வேண்டும், உள்ளே என்ன வகைச் சிப் என்று பாருங்கள். வேகத்தைக் கடைசியில் பார்த்தால் போதும்.

முதல் படி: என்ன ஸ்லாட் இருக்கிறது?

வீட்டுக் கணினிக்கான எஸ்எஸ்டி பெரும்பாலும் இரண்டு உருவங்களில் வருகிறது. ஒன்று 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குகள் பயன்படுத்தும் அதே இணைப்புதான் சாட்டா). லேப்டாப் ஹார்ட் டிஸ்கின் அதே அளவு, 7 மில்லிமீட்டர் தடிமன். ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். இன்னொன்று எம்.2. மதர்போர்டில் நேராகச் செருகும் மெல்லிய அட்டை. இதில் 2280 என்று எழுதியிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். டெஸ்க்டாப்பிலும் பெரும்பாலான லேப்டாப்பிலும் 2280தான். சில சிறிய லேப்டாப்களில் 2242 அல்லது 2230 மட்டுமே பொருந்தும். நீளத்தைப் பார்க்காமல் வாங்கினால் திருகு போடும் இடமே இருக்காது.

புதியவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. எம்.2 என்பது உருவம் மட்டும்தான். அந்த உருவத்துக்குள் சாட்டா எஸ்எஸ்டியும் இருக்கலாம், அதைவிட வேகமான என்விஎம்இ என்ற வகை எஸ்எஸ்டியும் இருக்கலாம். சில ஸ்லாட்டுகள் சாட்டாவை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இயை மட்டும் ஏற்கும், சில இரண்டையும் ஏற்கும். அட்டையின் தங்க நிற முனையைப் பாருங்கள்: எம்.2 சாட்டா எஸ்எஸ்டியில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகள் இருக்கும், என்விஎம்இயில் பெரும்பாலும் ஒன்று. ஆனால் இதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அட்டை ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்துவிட்டு, கணினிக்கு மட்டும் தெரியாமல் போவது அடிக்கடி நடக்கிறது.

லேப்டாப் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். எந்த ஸ்லாட், எந்த நீளம், எது பொருந்தும் என்று அதில் இருக்கும். டெஸ்க்டாப் என்றால் விண்டோஸ் தேடல் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டினால் மதர்போர்டின் பெயர் வரும். அந்தப் பெயரை வைத்து அதன் மேனுவலை இறக்கிக்கொள்ளலாம். இதோடு நிறுத்தாமல், முடிந்தால் மூடியைக் கழற்றிக் கண்ணாலும் பார்த்துவிடுங்கள். ஒரே மாடல் பெயரில் வரும் லேப்டாப்பில்கூட ஒன்றில் ஸ்லாட் இருக்கும், இன்னொன்றில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். மிக மலிவான லேப்டாப்களில் இஎம்எம்சி என்ற சேமிப்பு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். தனியாக ஸ்லாட் இல்லாவிட்டால் அதை மாற்ற வழியில்லை.

டெஸ்க்டாப் மேனுவலில் மூன்று விஷயங்களைக் குறிப்பாகப் பாருங்கள். ஒன்று, எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் சில போர்டுகளில் ஓரிரு சாட்டா போர்ட்டுகள் செயலிழக்கும். புது எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனதாகப் பதறுபவர்கள் பலர். வேறு போர்ட்டுக்கு கேபிளை மாற்றினால் வந்துவிடும். இரண்டு, என்விஎம்இ ஓடும் பிசிஐஇ என்ற பாதை 3.0, 4.0, 5.0 என்று தலைமுறைகளாக வருகிறது; ஸ்லாட்டில் எந்தத் தலைமுறை கிடைக்கும் என்பது பிராசஸரையும் பொறுத்தது. பி550 போர்டு பிசிஐஇ 4.0 தரும், ஆனால் அதில் ரைசன் 5 5600ஜி பிராசஸர் போட்டிருந்தால் 3.0 வேகம்தான் கிடைக்கும். பி560 போர்டில் பத்தாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் போட்டால், பிராசஸரோடு இணைந்த முதல் எம்.2 ஸ்லாட் வேலையே செய்யாது. அடுத்த ஸ்லாட்டில்தான் போட வேண்டும். மூன்று, பத்தாண்டுக்கும் மேல் பழைய போர்டுகளில் என்விஎம்இயை வைத்து விண்டோஸைத் துவக்க, போர்டிலேயே இருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் அனுமதிக்காமல் போகலாம். அப்படிப்பட்ட கணினிக்கு 2.5 அங்குல சாட்டாவே நிம்மதி.

தலைமுறை முன்பின் இருந்தாலும் பொருந்துவதில் சிக்கல் இல்லை. 4.0 எஸ்எஸ்டியை 3.0 ஸ்லாட்டில் போடலாம், 3.0 வேகத்தில் ஓடும், அவ்வளவுதான்.

டிவிடி டிரைவ் உள்ள பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி. ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்எஸ்டியைப் போட்டுவிட்டு, டிவிடி டிரைவை எடுத்த இடத்தில் கேடி என்ற சட்டத்தோடு பழைய ஹார்ட் டிஸ்கைச் செருகலாம். கேடி 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமன்களில் கிடைக்கிறது. உங்கள் டிவிடி டிரைவை அளந்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாம் படி: எவ்வளவு ஜிபி?

1 டிபி வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். 500 ஜிபி வாங்கினால் 465. யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும். மொத்தத்தில் 15 சதவீதமாவது எப்போதும் காலியாக இருக்கட்டும். விண்டோஸ், அதன் அப்டேட்டுகள், ஆஃபீஸ், ஒரு பிரவுசர், வாட்ஸ்அப்பில் வந்து சேரும் வீடியோக்கள் என்று 256 ஜிபி ஒரே வருடத்தில் நெரியத் தொடங்கிவிடும். இப்போது புதிதாக வாங்குபவர்களுக்கு 500 ஜிபியைத்தான் தொடக்கமாகச் சொல்வேன். கேம் விளையாடுபவர்கள், வீடியோ எடிட் செய்பவர்கள் 1 டிபிக்குக் கீழே இறங்க வேண்டாம். ஒரே மாடலில் சிறிய கொள்ளளவு வேகத்திலும் குறைந்ததாகவே இருக்கும். உள்ளே சிப்புகள் குறைவு, ஒரே நேரத்தில் வேலை செய்யும் கைகள் குறைவு. வேகமான 500 ஜிபியா, சாதாரண 1 டிபியா என்று ஒரே விலையில் தயங்கி நின்றால், நான் 1 டிபியைத்தான் எடுப்பேன்.

மூன்றாம் படி: உள்ளே என்ன இருக்கிறது?

பெட்டியின் முன்பக்கத்தில் இந்த விவரம் இருக்காது. எஸ்எஸ்டியில் தகவல் தங்கும் நேண்ட் ஃபிளாஷ் சிப்பில் ஒவ்வொரு செல்லிலும் எத்தனை பிட் வைக்கிறார்கள் என்பதுதான் வகை. டிஎல்சி என்றால் 3 பிட், கியூஎல்சி என்றால் 4 பிட். 3 பிட்டுக்கு ஒரு செல்லில் 8 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், 4 பிட்டுக்கு 16. நிலைகள் நெருங்க நெருங்க எழுதுவது மெதுவாகும், தேய்மானமும் கூடும். பதிலுக்கு விலை குறையும்.

அப்படியானால் கியூஎல்சி எஸ்எஸ்டியின் பெட்டியில் 3500 எம்பி என்று எப்படிப் போடுகிறார்கள்? வந்த நெல் மூட்டைகளைக் களத்தில் சட்டென்று இறக்கிவிட்டு, பிறகு மெல்ல மெல்லக் குதிருக்குள் கொட்டுவது போல, எஸ்எஸ்டி தன் செல்களில் ஒரு பகுதியை செல்லுக்கு 1 பிட் வீதம் வேகமாக எழுதி வாங்கிக்கொள்கிறது. ஓய்வு கிடைக்கும்போது அதை 3 பிட், 4 பிட்டாக மாற்றி அடுக்குகிறது. களம் நிறையும் வரை வேகம் கண்ணைப் பறிக்கும். நிறைந்த பிறகும் வண்டி வந்துகொண்டே இருந்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். கல்யாண வீடியோ 200 ஜிபியை ஒரே மூச்சில் கியூஎல்சி எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தால், முதல் பாதி பறக்கும். பிறகு நொடிக்கு 100 எம்பிக்குப் பக்கத்தில் இறங்கி, நல்ல ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாகவும் போகலாம். டிஎல்சியிலும் இந்த இறக்கம் உண்டு, ஆனால் இவ்வளவு ஆழம் போகாது.

படிப்பு, பிரவுசிங், ஆஃபீஸ் வேலை மட்டும் என்றால் கியூஎல்சி போதும். விண்டோஸும் முக்கியமான வேலையும் ஒரே எஸ்எஸ்டியில் இருக்கப் போகிறது, விலை வித்தியாசமும் கொஞ்சம்தான் என்றால் டிஎல்சியை எடுங்கள்.

அடுத்தது டிராம். எந்தத் தகவல் எந்தச் செல்லில் இருக்கிறது என்ற பட்டியலை வேகமாகப் பார்க்க, நல்ல எஸ்எஸ்டிகளில் தனியாக ஒரு டிராம் சிப் இருக்கும். வழக்கமாக 1 டிபிக்கு 1 ஜிபி. மலிவானவற்றில் அது இருக்காது. என்விஎம்இயில் டிராம் இல்லையென்றால் பெரிய கவலை வேண்டாம். கணினியின் ரேமிலிருந்தே ஒரு சின்னப் பகுதியை இரவல் வாங்கும் எச்எம்பி என்ற வசதி அதற்கு உண்டு. சாட்டா எஸ்எஸ்டிக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே சாட்டா வாங்கும்போதுதான் டிராம் இருக்கிறதா என்று கறாராகப் பார்க்க வேண்டும். கடைகளில் பலரும் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

ஆயுளுக்கு டிபிடபிள்யூ என்ற எண்ணைப் பாருங்கள். வாரண்டி காலத்துக்குள் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற கணக்கு அது. டபிள்யூடி ப்ளூ எஸ்என்580 1 டிபிக்கு 600. அதைவிட விலை கூடிய சாம்சங் 990 புரோ 1 டிபிக்கும் அதே 600தான். கியூஎல்சி சிப் உள்ள குருஷியல் பி3 1 டிபிக்கு 220. இந்த 220ஐப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. தினமும் 30 ஜிபி எழுதினாலும் இருபது வருடம் ஆகும் அதைத் தீர்க்க. வீட்டுக் கணினியில் தினமும் 30 ஜிபி எழுதுவதே அதிகம். எனக்கு இந்த எண் வேறொரு விதத்தில் உதவுகிறது: பெட்டியில் சிப் வகையே சொல்லாத எஸ்எஸ்டியில் 1 டிபிக்கு 200 சொச்சம் என்று டிபிடபிள்யூ போட்டிருந்தால், உள்ளே கியூஎல்சியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்கிறேன். சில நிறுவனங்கள் ஒரே பெயரில் விற்கும் மாடலுக்குள் காலப்போக்கில் சிப்பையும், அதை இயக்கும் கன்ட்ரோலரையும் மாற்றிவிடுவதும் உண்டு. பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டு வாங்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக

சாட்டா நொடிக்கு சுமார் 550 எம்பியோடு நின்றுவிடும். பிசிஐஇ 3.0 என்விஎம்இ 3500 வரை, 4.0 சுமார் 7400 வரை, 5.0 என்றால் 14,000ஐயும் தாண்டும். இவையெல்லாம் ஒரு பெரிய ஃபைலை ஒரே ஓட்டத்தில் படிக்கும்போது கிடைப்பவை. நாள் முழுக்க நாம் செய்வது சின்னச் சின்ன ஃபைல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிப்பது. 4 கேபி துண்டுகளாக ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னால் சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 30, 40 எம்பி தரும், நல்ல 4.0 என்விஎம்இ 70, 80 தரும். ஹார்ட் டிஸ்க் ஒரு எம்பியைத் தொடவே திணறும். பதின்மூன்று மடங்கு என்று பெட்டி சொன்ன வித்தியாசம் இங்கே இரண்டு மடங்காகச் சுருங்கிவிட்டது பாருங்கள்.

ஸ்லாட் இருந்தால் என்விஎம்இ வாங்குங்கள், விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 7000 எம்பிக்காகக் கூடுதல் பணம் தருவது பெரிய வீடியோ ஃபைல்களோடு தினமும் மல்லுக்கட்டுபவர்களுக்கே பயன்படும். 5.0 எஸ்எஸ்டிகளில் பலவற்றுக்குப் பெரிய ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) வேண்டும்; புதியவர்கள் இப்போதைக்கு அதைக் கடந்து போகலாம். லேப்டாப்புக்கு ஹீட்சிங்க் ஒட்டிய எஸ்எஸ்டி வாங்கிவிடாதீர்கள், மூடி மூடாது. இரு பக்கமும் சிப் உள்ளவையும் மெல்லிய லேப்டாப்பில் இடிக்கும்.

வாங்கும் இடத்தில்

ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி ஆயிரம் ரூபாய் என்று விளம்பரம் வந்தால் அது முழு மோசடி. உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும். 16 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். நிரப்பிய பிறகு பழைய ஃபைல்கள் மேலேயே புதியவை எழுதப்பட்டு எல்லாம் கெட்டுவிடும். சந்தேகமாக இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதிக்கலாம்.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். வாரண்டி கம்பெனியுடையதா, கடையுடையதா? பில்லில் சீரியல் எண் போட்டுத் தருவீர்களா? புது லேப்டாப்களிலிருந்து கழற்றிய எஸ்எஸ்டிகள் அங்கே விலை குறைவாகக் கிடைக்கும். சரக்கு நல்லதாகவே இருக்கலாம், ஆனால் தயாரிப்பாளர் அதற்குத் தனியாக வாரண்டி தருவதில்லை. கடைக்காரர் சொல்லும் வார்த்தைதான் வாரண்டி. ஜிஎஸ்டி பில்லோடு வாங்கி, பெட்டியைப் பிரிக்கும் முன் சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு வாரண்டித் தேதியைப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையும் பாருங்கள். புதியது என்றால் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பொருத்துவது

மின் இணைப்பை எடுத்துவிட்டு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். லேப்டாப்பில் மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அடிமூடித் திருகுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் வைத்து ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நீளத் திருகைக் குட்டைத் திருகின் இடத்தில் போட்டு இறுக்கினால் மேல் பக்கம் வரை துளைத்துவிடும்.

எம்.2 அட்டையை ஓரங்களில் பிடித்து, சுமார் 30 டிகிரி சாய்வில் ஸ்லாட்டுக்குள் தள்ளுங்கள். தங்க நிறக் கோடுகள் ஏறக்குறைய முழுவதும் உள்ளே மறைய வேண்டும். கையை விட்டால் அட்டை சாய்வாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். அது சரிதான். மெல்ல அழுத்திப் படுக்கவைத்துத் திருகு போட வேண்டும். கடுகு போன்ற அந்தச் சின்னத் திருகு எஸ்எஸ்டி பெட்டியில் பெரும்பாலும் வராது. மதர்போர்டு வாங்கிய பெட்டியிலோ, போர்டிலேயே செருகியோ இருக்கும். இல்லையென்றால் வாங்கும்போதே கடையில் கேட்டு வாங்கிவிடுங்கள். மதர்போர்டின் ஹீட்சிங்கை மேலே மாட்டுகிறீர்கள் என்றால், அதன் அடியில் உள்ள, சூட்டைக் கடத்தும் பேடின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். உரிக்காமல் மாட்டினால் சூடு வெளியேறாமல் அடைபடும்.

விண்டோஸைக் கொண்டுபோவது

நகலெடுப்பதைவிடப் புதிதாக நிறுவுவதையே நான் விரும்புவேன். பழைய விண்டோஸில் சேர்ந்த குப்பை புது வீட்டுக்கு வர வேண்டாம். நிறுவும்போது மற்ற ஹார்ட் டிஸ்குகளின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் துவக்கப் பகுதி பழைய ஹார்ட் டிஸ்கில் போய் உட்கார்ந்துவிடும். பின்னாளில் அதைக் கழற்றியதும் கணினி எழாது. பதினோராம் தலைமுறையும் அதற்குப் பிந்தைய இன்டெல் லேப்டாப்களும் நிறுவும் திரையில் எஸ்எஸ்டியே தெரியாமல் நிற்கலாம். எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். பயாஸில் விஎம்டி என்ற அமைப்பை அணைத்தால், அல்லது இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைக் கொடுத்தால் வந்துவிடும்.

உள்ளது உள்ளபடி நகலெடுக்கத்தான் வேண்டும் என்றால், முதலில் டிஸ்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் நாம் கேட்காமலே போட்டிருக்கும். மீட்பு எண்ணை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எழுதி வைத்துக்கொண்டு பிட்லாக்கரை அணைத்த பிறகே தொடங்குங்கள். குளோன்ஸில்லா என்ற நகல் மென்பொருள் இலவசமானது, நம்பகமானது. ஆனால் 1 டிபி ஹார்ட் டிஸ்கை 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு நேராக நகலெடுக்காது, உள்ளே 100 ஜிபிதான் இருந்தாலும் சரி. முதலில் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். சாம்சங், டபிள்யூடி, குருஷியல் எஸ்எஸ்டி வாங்கியவர்கள் அந்தந்த நிறுவனம் தரும் நகல் மென்பொருளைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளின் படிப்புக்கு அது இன்னும் பல வருடம் உழைக்கும்.

பிறகு

சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் டீஃபிராக் எஸ்எஸ்டிக்குத் தேவையில்லை. அழித்த ஃபைல்கள் இருந்த இடத்தை எஸ்எஸ்டிக்குச் சொல்லிக் காலியாக்கவைக்கும் டிரிம் என்ற வேலையை விண்டோஸ் 7 முதலே கணினி தானாகச் செய்துகொள்கிறது. எதையும் அணைக்காமல் விட்டால் போதும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் டெஸ்க்டாப்புக்கு ஒரு யுபிஎஸ் அவசியம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்த நேரத்துத் தகவலைக் காக்கும் மின்தேக்கிகள் வீட்டுக்கான எஸ்எஸ்டிகளில் பெரும்பாலும் இல்லை.

ஹார்ட் டிஸ்க் சாகும் முன் சில சமயம் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி ஒரு காலையில் அப்படியே பதில் சொல்லாமல் போய்விடலாம். டிரிம் நடந்த பிறகு அழித்த ஃபைலை மீட்பதும் கிட்டத்தட்ட முடியாத காரியம். அதனால் பேக்கப்புக்கு ஏற்பாடு செய்த பிறகே இந்த வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்கை உடனே ஃபார்மட் செய்ய வேண்டாம். எல்லாம் வந்துசேர்ந்ததா என்று சில வாரம் பார்த்துவிட்டு, ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு, குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வாராவாரம் அதில் நகலெடுங்கள். மின்சாரமே தொடாமல் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் வைக்க ஏற்றது அந்தப் பழைய ஹார்ட் டிஸ்குதான். நிறைய எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டியை அப்படி வைத்தால் செல்களில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடும், வெயில் காலத்துச் சூட்டில் இன்னும் சீக்கிரம்.